அக்காவுக்கு ஒரு சாய்வெழுத்து

நான் எழுத்துரு வரைகிறவள். பிஸ்கட் பொட்டலத்திலும் குழந்தை சோப்பிலும் உருண்டையாக, லேசாகச் சாய்ந்து நிற்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரகம்தான் எனக்குக் கைவந்தது. அதில் வக்கீல் நோட்டீஸ் அடித்து அனுப்பினால், எதிராளி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது, குரல் போனது. வாய் ஓயாமல் பேசியவள், இப்போது எது வேண்டுமென்றாலும் போனில் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள். "எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் 'பரவாயில்லை' என்றுதான் தட்டுவாள். பெரியவர்கள் நாங்கள் பழகிக்கொண்டோம். அவள் மகள் பழகவில்லை. ஒன்றாம் வகுப்பு வாண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும். அம்மா திரையைத் திருப்பினாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். படுக்கையும் என்னோடுதான்.

"அம்மா ஸ்கூல் போர்டு மாதிரி பேசுறா, சித்தி," என்றது ஒருநாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். தடித்து, விறைத்து நிற்கும் எழுத்து. பள்ளிச் சுவரில் 'இங்கே ஓடாதே' என்று இருப்பதும் இதே எழுத்துதான். அதில் 'சாப்பிட வா செல்லம்' என்பதுகூட அதட்டலாக இருந்தது. பெற்றவளையும் பிள்ளையையும் பிரிக்க இதற்கு என்ன உரிமை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையிலிருந்த வேலைகளை ஒத்திப்போட்டு உட்கார்ந்தேன். ட-வின் விறைத்த முட்டியை வளைத்தேன். கோட்டு முனைகளை எல்லாம் மழுக்கினேன். சாய்வுதான் பாடாய்ப் படுத்தியது. கூடினால் எழுத்துகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின, குறைந்தால் மறுபடியும் போர்டு. குழந்தையிடம் பேசும்போது அக்கா கொஞ்சமாய்க் குனிவாள். கடைசியில் அந்த அளவில் நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். வாண்டு வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால்.

"எதையாவது அடிச்சுக் காட்டுக்கா."

அக்கா கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை தட்டித் திருப்பினாள். நான் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

"லி மேல இருக்கிற சுழியப் பாரேன், எவ்ளோ அழகா வந்திருக்கு. கு-வும் து-வும்தான் ஒட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல கொஞ்சம் இடம் விடணும்."

எங்கள் தொழிலின் சாபக்கேடு இது. எழுத்தைப் பார்ப்போம், படிக்க மாட்டோம். அக்கா திரையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே பிடித்திருந்தாள்.

என் தோளுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வ... லி... க்... கு... து."

வாண்டு என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது.

"வலிக்குதா அம்மா? எங்க?"

அப்போதுதான் நான் படித்தேன். இத்தனை நாள் ஒருவரிடமும் சொல்லாததை, அக்கா இந்த எழுத்தில்தான் சொல்லியிருக்கிறாள். நான் அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வாண்டு மடியில் ஏறி, தொண்டையில் சுற்றியிருந்த கட்டுத்துணியை விலக்காமல், பக்கத்தில் வாயை வைத்து மெல்ல ஊதியது.

"இப்ப?"

பதில் தட்ட அக்காவுக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையாலும் மகளைப் பிடித்திருந்தாள்.