அந்த ஒரு பெனால்டி மட்டும்

ரமீஸ் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் கறுப்புக் கோட்டோடு நின்ற நெஜாத் இரண்டு முறை சலாம் சொல்லிவிட்டான்.

"பதில் சொல்லியாச்சு. மனசுக்குள்ள," என்றார் ரமீஸ், குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பியபடி.

"சாச்சா, வாப்பா மவுத்தாயிட்டாங்க."

"தெரியும். பள்ளிவாசல் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. போட்டோ சகிக்கல. ஆலை பிக்னிக்ல எடுத்தது ஒண்ணு இருக்குமே, மீசையோட? அதைக் கொடுத்திருக்கலாம்ல?"

"உம்மாதான் இதை எடுத்துக் கொடுத்தாங்க."

"உங்க உம்மாவுக்கு அந்த மீசையைக் கண்டாலே ஆகாது," என்று சொல்லிவிட்டு ரமீஸ் ஒரு பழுத்த மிளகாயைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நெஜாத் வந்தது ஒரே ஒரு வார்த்தைக்காக. அந்த ஊரில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன் இமாம் கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார்: இறந்துபோன இவர் உங்களுக்குச் செய்த குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்களா? ஹலாலாக்கினீர்களா? கூட்டம் மூன்று முறையும் "ஹலால்!" என்று சொல்லும். வேலித் தகராறு, வாய்த் தகராறு எல்லாம் அந்த இடத்தோடு சரி. யாராவது ஒருவர் வாய் திறக்காமல் நின்றுவிட்டால், அந்தக் குறை மறுமை நாள்வரை இறந்தவர் கழுத்திலேயே தொங்கும்.

அவனுடைய வாப்பா ஃபெஹிம் உருக்காலையில் உலைக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ரெஃபரி. ரெஃபரியைத் திட்டாதவர்கள் ஊரில் உண்டா? எல்லோரும் திட்டினார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை ஷிப்ட் சங்கு ஊதியதும் மறந்துவிட்டார்கள். மறக்காதவர் ஒருவர்தான். ஆலை அணியின் கோல்கீப்பர் ரமீஸ், ஃபெஹிமுடன் அதே உலையில் வேலை பார்த்தவர், அதற்கு முன் ஒரே பெஞ்சில் படித்தவர்.

நடந்தது இதுதான். அன்று ஜெயித்தால் ஆலை அணி மேல் லீகுக்குப் போகும். எதிரணி ரயில்வேக்காரர்கள். வரவேண்டிய ரெஃபரியின் கார் மலைக் கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டது. அப்போது ரயில்வேக்காரர்களே சொன்னார்கள்: ஃபெஹிம் விசில் ஊதட்டும், எங்களுக்குச் சம்மதம். எதிராளியே இப்படி நம்பிவிட்டால் மனிதன் என்ன செய்வான்? கடைசி நிமிடத்தில் ரமீஸ் பாய்ந்து வந்தார், ரயில்வேக்காரன் விழுந்தான், ஃபெஹிம் பெனால்டி கொடுத்தார், அது கோலாகிவிட்டது. ஆலை அணி கீழ் லீகிலேயே தங்கிவிட்டது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ரமீஸ் ஃபெஹிமோடு பேசவில்லை. ஆனால் விலகியும் போகவில்லை. உலைக்கு முன்னால் இருவரும் தோளோடு தோள் நின்றுகொண்டு கிரேன்காரர் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். "அந்த ஆளை ஓரமா நிக்கச் சொல்லு." "நிக்கிறேன்னு சொல்லு." ஒருநாள் உருகிய இரும்பு தெறித்தபோது ஃபெஹிம் ரமீஸின் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ரமீஸ் மூச்சு வாங்கிக்கொண்டே கிரேன்காரரிடம், "அந்த ஆளுக்கு என் நன்றியைச் சொல்லிடு," என்றார். இடையில் ஊருக்குள் யுத்தம் வந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே நிலவறையில் பதுங்கியிருந்தன. அப்போதும் ரொட்டி நெஜாத்தின் உம்மா சும்ரா கை வழியாகத்தான் போனது. இப்படியே இருபது வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

"சாச்சா, இன்னிக்கு இமாம் கேக்கும்போது..."

"இரு, நானே சொல்றேன்." ரமீஸ் குழாயைக் கீழே போட்டார். "அந்த ஆள் என் ஃபிளாஸ்கை உடைச்சாரு. ஹலால். என் கல்யாணத்துல, மாப்பிள்ளையான எனக்கு முன்னாடியே கேக்கை வெட்டித் தின்னாரு. ஹலால். டொமினோ ஆட்டத்துல ஏமாத்தி ஏமாத்தி ஜெயிச்சாரு. அதுவும் ஹலால்."

"வாப்பா ஏமாத்த மாட்டாங்க."

"தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா அந்தப் பெனால்டி மட்டும் முடியாது. ஊரையே கீழயே நிறுத்திட்டுப் போன விசில் அது." திடீரென்று வேலியருகே வந்து நின்றார். "நீதானே அன்னிக்கு லைன்ல கொடி பிடிச்சே? சொல்லு. என்ன பார்த்தே?"

"சாச்சா, இப்ப எதுக்கு அது?"

"பெனால்டி இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் போடற 'ஹலால்'ல பள்ளிவாசல் மினாரா ஆடும்."

நெஜாத் வாயைத் திறந்தான். சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. வாப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறார், எழுந்து வந்து காதைத் திருகப் போவதில்லை. ஆனால் அவர் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டியது இதைத்தான்: பார்த்ததைச் சொல்லு, பார்க்கலைன்னா வாயை மூடு. நெஜாத்துக்கு இப்போது அதே ஆலையில் கம்பிகளைச் சோதிக்கும் வேலை. கீறல் இருந்தால் இருக்கிறது என்பான். லாரி வாசலில் நின்றாலும், மேனேஜர் தலையில் கை வைத்தாலும் அவனுக்கு வேறு மாதிரி சொல்ல வராது. அன்று அவன் பார்த்தது இதுதான்: ரமீஸின் கை முதலில் ரயில்வேக்காரனின் கணுக்காலைப் பிடித்தது. பந்தைத் தொட்டது அப்புறம்தான்.

"பெனால்டிதான் சாச்சா."

ரமீஸ் அவனையே பார்த்தார். பிறகு குனிந்து குழாயை எடுத்தார். "போ. உங்க உம்மாவுக்கு என் சலாம் சொல்லு," என்று செடிகளிடம் சொன்னார்.

வீட்டில் பெண்கள் கூட்டம். காபி கொதித்துக்கொண்டே இருந்தது. சும்ரா அழுவதும் சிரிப்பதுமாக, வந்தவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேட்ச் பார்த்துக்கிட்டு இருந்தாருடி. 'ஆஃப்சைடு'ன்னாரு. அவ்வளவுதான், தலை சாஞ்சிடுச்சு. டிவியில ரெண்டாவது தடவை மெதுவா ஓட்டிக் காட்டினான். ஆஃப்சைடுதான்! மனுஷன் போகும்போதும் சரியாத்தான் சொல்லிட்டுப் போனாரு."

மகனைக் கண்டதும் சமையலறை மூலைக்கு இழுத்துப் போனாள். "அந்தக் கோவேறு கழுதை என்ன சொல்லிச்சு?"

நெஜாத் நடந்ததைச் சொன்னான். சும்ரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இல்லைன்னு சொல்லியிருந்தேன்னா உன்னை இந்த வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "ஆனா சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா பாவி! உங்க வாப்பா அந்த ஒருத்தன் ஹலால் இல்லாம எப்படிடா படுப்பாரு? ஊர்ல மத்த எல்லாரும் சொல்லி என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது அவன் ஒருத்தன்தானே!"

நெஜாத்துக்குத் தெரியாததா? தேநீர்க்கடையில் ரமீஸ் வர நேரமானால் வாப்பா டொமினோ கட்டைகளைத் தொடவே மாட்டார். "அந்த ஆளுக்கு உடம்புக்கு என்னன்னு யாராவது போய்ப் பாருங்கப்பா," என்று கடைக்காரரை நச்சரிப்பார். வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் முற்றம் நிறைந்துவிட்டது. ஆலைக்காரர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அடுத்த ஊரிலிருந்து ரயில்வேக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். கல்மேடையில் வாப்பாவின் உடல் கிடந்த சந்தூக் பச்சைத் துணி போர்த்தி இருந்தது. ரமீஸ் வந்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டாவது வரிசையில், நெஜாத்துக்கு நேர் பின்னால்.

இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஃபெஹிம் நம்மிடையே வாழ்ந்தார். உழைத்தார். அவரிடம் உங்களுக்கு ஏதும் குறை இருந்தால் ஹலாலாக்கினீர்களா?"

"ஹலால்!" என்றது முற்றம்.

நெஜாத் மரியாதையை மறந்து கழுத்தைத் திருப்பினான். ரமீஸின் உதடுகள் ஒட்டியிருந்தன.

"ஹலாலாக்கினீர்களா?"

"ஹலால்!" ரமீஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார், அசையவில்லை.

"ஹலாலாக்கினீர்களா?"

மூன்றாவது முறையும் அப்படியேதான். இமாமும் பார்த்துவிட்டார். அவரும் சிறுவயதில் ஆலை அணிக்கு ஆடியவர், அவருக்கும் விஷயம் தெரியும். நான்காவது முறை கேட்கலாமா என்று யோசிப்பவர்போல் நின்றார். அந்த இடைவெளி போதாதா? பின்வரிசையில் ஒருவர், "உண்மையைச் சொல்லணும்னா அது பெனால்டி இல்லைப்பா," என்று முணுமுணுத்தார். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? காலைப் பிடிச்சு இழுத்தாரு!" என்றது வேன் பக்கம். "பந்தைத்தான்யா பிடிச்சாரு!" யாரோ ஒருவர் செருப்பைப் பந்தாக வைத்து விளக்கவே தொடங்கிவிட்டார். இமாம் பலமாக இருமி, "வரிசையைச் சரிபண்ணுங்க," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தோள்கள் தோள்களோடு சேர்ந்தன.

அடக்கம் செய்யும் கபரஸ்தான் மலைச்சரிவில் இருக்கிறது. சந்தூக் யார் தோளிலும் பத்து அடிக்கு மேல் நிற்கவில்லை. ஆளுக்கு ஆள் கை நீட்டி வாங்கி வாங்கி மேலே அனுப்பினார்கள். கீழே ஆலைப் புகைபோக்கியில் புகை எழுந்தது. பிளம் மரங்களில் காய் பிடித்திருந்தது, நல்ல வெயில். ஃபெஹிம் கொடுத்த சிவப்பு அட்டைகளை ஒவ்வொருவராகப் பெருமையோடு சொல்லிக்கொண்டு ஏறினார்கள். "எனக்கு ரெண்டு கொடுத்தாரு!" "மாப்பிள்ளைக் கோலத்துல வந்த என்னையே வெளிய அனுப்பினாருய்யா!" தோளில் வாப்பாவின் கனம் இருக்கும்போதே நெஜாத்துக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு சந்தோஷமாக வாப்பாவைத் திட்டுகிறார்களே என்று அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் ரமீஸ் ஒரு தடவைகூடத் தோள் கொடுக்கவில்லை. ஓரமாக, தனியாக ஏறிக்கொண்டிருந்தார்.

கபர்க் குழிக்குள் நெஜாத் இறங்கினான். வாப்பாவின் மய்யித்தை வாங்கி வைக்க உள்ளே இரண்டு பேர் வேண்டும். அவன் தங்கை மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ நில்லு மாப்பிள்ளை," என்று ஒரு குரல் கேட்டது. ரமீஸ் கபர் விளிம்பில் உட்கார்ந்து, முனகிக்கொண்டே, இஸ்திரிச் சட்டையெல்லாம் மண்ணாக உள்ளே சறுக்கினார். அவர் உடம்புக்கு அந்த இடம் பத்தவில்லை. நெஜாத் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"தலைப்பக்கம் எனக்கு," என்றார்.

"பிடி நழுவிடாம, ரமீஸ்," என்றார் இமாம் மேலேயிருந்து.

"எங்கிட்டயா சொல்றீங்க?" என்று ரமீஸ் இரண்டு கைகளையும் விரித்து மேலே நீட்டினார். விரல்கள் கோணல் கோணலாக இருந்தன, பந்தில் ஒடிந்ததும் உலையில் வெந்ததுமாக. வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு கைகளுக்கு வந்தது. அவர் அதை மார்போடு அணைத்து வாங்கி, முழங்கால் போட்டு, மண்ணில் மெல்ல இறக்கினார். முகத்தை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பினார். தலைக்குக் கீழே இருந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து வெளியே எறிந்தார். அதற்குப் பிறகும் அவர் கை அந்தத் தலைக்கடியில் இருந்து வரவில்லை.

"ஃபெஹிம்," என்றார் மிகவும் தாழ்ந்த குரலில். "ஹலால்டா. எல்லாமே ஹலால்."

நெஜாத் மண்சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ரமீஸ் கையை மெதுவாக உருவி எடுத்தார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதவராக, இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஆனா அது பெனால்டி இல்லை."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நெஜாத்தும் பேசாமல் இருக்கத்தான் பார்த்தான்.

"பெனால்டிதான் சாச்சா."

ரமீஸ் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கீழே படுத்திருப்பவரைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"ஒருத்தனைப் படுக்க வெச்சா இன்னொருத்தன் நிக்கிறான்," என்று சொல்லிவிட்டு அந்தக் குழிக்குள்ளேயே கடகடவென்று சிரித்தார். நெஜாத்தாலும் அடக்க முடியவில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விளிம்பில் இமாமின் முகம் தெரிந்தது. "என்னப்பா நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்லை. பலகையைக் கொடுங்க," என்றார் ரமீஸ், கண்களைத் துடைத்தபடி.

முதல் பலகை இறங்கியது. மண் உடம்பில் படாதபடி அதைச் சாய்வாக நிறுத்த வேண்டும். ரமீஸ் தலைமாட்டில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நெஜாத்திடம் கேட்டார். "சரியா இருக்கா? பார்த்துச் சொல்லு."

நெஜாத் பார்த்தான்.

"இல்லை சாச்சா. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

ரமீஸ் பலகையை இடது பக்கம் நகர்த்தினார்.