தோஹாவுக்கு ஒரு பொய்மீன்

தோஹாவுக்குப் போய் இரண்டு வருஷமும் எட்டு மாதமும் ஆன பிறகு ஃபாஸில் தன் மனைவியிடம் தொலைபேசியில் கேட்டது ஒரு பொய்மீன், தூண்டிலில் கட்டி வீசுகிற பொம்மை மீன். "லீவு திரும்பவும் தள்ளிப் போச்சு ஜஹானா" என்று சொன்ன அதே வாயால் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளிகளோடு கடலுக்குப் போகிறாராம். கடையில் விற்கிற தூண்டில் மீன் எதுவும் தன் கையால் செய்யும் மீனுக்குக் கிட்டவும் வராதாம்.

ஜஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே மீன் பிடித்துப் பொழுது போக ஆரம்பித்தால் இந்த மனுஷன் ஊருக்கு, திகனைக்கு எதற்கு வரப்போகிறார்? ஆனாலும் பக்கத்து வீட்டு மக்கீன் நானா சனிக்கிழமை தோஹா போகிறார் என்றதும், அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிவிட்டாள்.

ஃபாஸில் ஜன்னல் பொருத்துகிறவர். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடிக்கிற, பொங்கி இறுகும் ஃபோமில் மிஞ்சியதை அச்சில் அடித்து மீன் செய்வார். அதை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வீசி நிஜமீன் பிடிப்பார். கரையில் தேநீர்ப் போத்தலோடு ஜஹானா உட்கார்ந்திருப்பாள். பெட்டிக்குள் அச்சும் கம்பியும் ஈயத்துண்டுகளும் அவர் வைத்தபடியே இருந்தன. ஃபோம் டின் மட்டும் பழசாகி இறுகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கினாள்.

கிண்ணம் நிறைய வட்டிலப்பம் ஊற்றிப் பழகிய கை. அச்சை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். ஃபோம் பொங்கி அச்சின் இரண்டு பாதியையும் பிரித்துத் தள்ளியது. அமுக்கப் போன பத்து விரலிலும் அப்பிக்கொண்டு காய்ந்தது. லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். தோலில் தண்ணீர் படாமல், தொழுமுன் கழுவுகிற ஒளு எப்படிக் கூடும்? கால் தேய்க்கிற கல்லால் விரல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள்.

"மனுஷனும் இல்ல, மீனும் இல்ல, இப்ப ஒளுவும் இல்ல!" என்று குளியலறைச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

அடுத்த முறை அச்சில் எண்ணெய் தடவி, தண்ணீர் தெளித்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் அடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மறுநாள் திறந்தால் முழுமீன் ஒன்று கிடந்தது. மீன் கவிழாமல் நிற்க வயிற்றில் வைக்கிற ஈயத்துக்கான குழியும் சரியாக விழுந்திருந்தது.

நிறத்துக்கு அவர் போன வருஷம் அனுப்பிய நகப்பூச்சு இருந்தது. "ஒனக்கில்ல. நீ தொழுறவ, பூச மாட்டாய். மீனுக்கு" என்று அன்று சிரித்தார். மீனுக்குச் சாயம் அனுப்பத் தெரிந்தவருக்குத் தான் வரத் தெரியவில்லையே என்று இவள் அன்று அழுதாள். இப்போது முதுகில் சிவப்பும் வயிற்றில் வெள்ளியும் பூசினாள்.

கடைசியாக ஈயத்துண்டைக் குழியில் வைத்துப் பார்த்தாள். மீன் கையில் கனத்தது. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்போல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஈயத்தை வெளியே எடுத்தாள். வெறும் குழியை அடைத்துச் சாயம் பூசி, மீனை மக்கீன் நானாவிடம் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. பின்னால் கடல் இரைந்தது, யாரோ சிரித்தார்கள்.

"ஜஹானா, மீன் மல்லாந்து மிதக்குது. இவனுகள் சிரிக்கிறானுகள். ஈயம் வைக்க மறந்திட்டியா?"

"மறக்கல்ல." அவள் ஈயத்துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ஈயம் இங்க ஈக்குது. வந்து வச்சிக்கங்க."