குளிராத பெண்

லெயோந்தின் கோர்பியானு நிர்வாணம் வரைவதில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். கண்ணில் பட்டதைத்தான் வரைவார். வயிற்றில் ஒரு மடிப்பைக்கூடக் குறைக்க மாட்டார். யாஷ் நகரத்து மற்ற ஓவியர்கள் வரைந்த பெண்களெல்லாம் பளிங்குச் சிலைக்குத் தங்கை மாதிரி இருப்பார்கள். இவர் வரைந்தவள் மட்டும் அச்சு அசலாக வெத்தூரியாவாகவே இருப்பாள்.

வெத்தூரியா ஓவியக் கல்லூரியில் மாடலாக நின்று நின்றே ஐம்பதை நெருங்கியவள். எண்பத்தைந்தாம் வருஷத்து ஜனவரியில், ஊரெங்கும் போலவே, லெயோந்தினின் ஓவியக் கூடத்துச் சூட்டுக் குழாயும் வெந்நீர் வராமல் வெறும் இரும்பாகக் கிடந்தது. அவள் எல்லாவற்றையும் களைந்தாள், கம்பளிக் காலுறையைத் தவிர.

"மத்ததெல்லாம் கலைக்கு. காலு என்னோடது."

அவர் காலுறையையும் வரைந்தார். தோல் நீலம் பாய்ந்திருந்தது, நீலமாகவே வரைந்தார். கைமயிர் குத்திட்டு நின்றது, அதையும் விடவில்லை. முடிந்ததும் அவள் வந்து பார்த்தாள். "அப்படியே நான்தான்" என்று மூக்கை உறிஞ்சினாள். இத்தனை வருஷத்தில் எந்தப் படத்தையும் பார்த்து அவள் அப்படிச் சொன்னதில்லை.

வசந்தக் கண்காட்சிக்கு அந்தப் படம் தேறாவிட்டால் ஓவியர் சங்கம் கூடத்தைப் பிடுங்கி யாராவது செயலாளரின் மருமகனுக்குக் கொடுத்துவிடும். தேர்வுக் குழு கூடத்துக்கே வந்தது. மூன்று பேர். கழற்றாத மேல்கோட்டு, கம்பளித் தொப்பி, பேசினால் வாயிலிருந்து புகை.

"அம்மணமா இருக்குறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை தோழர்" என்றார் குழுத் தலைவி ஸெனோவியா. "இவ ஏன் நீலமா இருக்கா?"

"குளிருது தோழர்."

"யாருக்கு?"

லெயோந்தின் ஸெனோவியாவின் இரட்டைக் கையுறையைப் பார்த்தார். "இவளுக்கு."

"நம்ம நாட்டுல குளிர்றதுக்குக் காரணமே இல்லையே" என்று ஸெனோவியா கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். "சூடு பண்ணி அனுப்புங்க."

ஒரு வாரம் லெயோந்தின் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிறகு ரோஜா நிறத்தைக் குழைத்தார். காலுறை போயிற்று, சிலிர்ப்பு போயிற்று, கன்னம் உப்பிற்று. கெடுப்பதுதான் கெடுக்கிறோம், முழுசாகக் கெடுப்போம் என்ற ஆத்திரத்தில், அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே பனியைக் கொட்ட வைத்தார். குழுவுக்குப் பரம திருப்தி.

கண்காட்சி திறந்த அன்று படத்தின் முன் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் அது வரிசை. வரிசையைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். முதலில் இடம்பிடித்துவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள். மத்தியானத்துக்குள் வால் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

"என்னக்கா போடுறாங்க?"

"கோழின்னாங்க."

"கோழியாவது ஒண்ணாவது. ஒரு பொம்பளை உடம்புல பொட்டுத் துணி இல்லாம நிக்கிறா. ஜன்னல் வேற தெறந்து கெடக்கு!"

"இந்தப் பனியிலயா? எந்த வீடுடி அது?"

உள்ளே வந்தவர்கள் யாரும் அவள் உடம்பைப் பார்க்கவில்லை. சூட்டுக் குழாய் எங்கே என்றுதான் மூலை மூலையாகத் தேடினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி லெயோந்தினின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லுங்க ஐயா. புள்ளைக்கு நெஞ்சுச் சளி. ரெண்டே நாள் இருந்துட்டு வந்துடறேன்."



"பெரிய தோழர்கள் வீடா இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கண்காட்சி மண்டபமே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஸெனோவியா ஓடி வந்தார். படம் சுவரிலிருந்து இறங்கியது.

"இவ்வளவு சூடு பண்ண யார் சொன்னது உங்களுக்கு?"

"நீங்கதான் தோழர்."

"அளவா பண்ணச் சொன்னேன்! நாளைக்கே கூடத்துச் சாவியைக் கொண்டாந்து குடுங்க."

வெளியே, கலைந்த வரிசையில், காலிப் பையோடு வெத்தூரியா நின்றிருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டாள் என்று முகமே சொன்னது.

"கூடம் போச்சு வெத்தூரியா" என்றார் லெயோந்தின்.

"உங்களுக்குக் கூடம் போச்சு. நான் அங்க வெறைச்சு நின்னதுக்கு இருந்தது அந்த ஒரு படம்தானே. அதுல இப்ப எவளோ ஒருத்தி நிக்கிறா."

அவள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். லெயோந்தினுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்த மார்ச் மாதத்தில் அவருக்குக் கிடைத்த சூடு அவ்வளவுதான்.