மாத்திரையோடு வந்த மூன்று நாள்

கேட்டது வேதா, பதில் போனது சம்பத்குமாருக்கு.

"ஸ்வாமி, அந்த ஹார்மோன் மாத்திரையெல்லாம் வேண்டாம். கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும். இது இயற்கைதானே. எங்கம்மா பாக்கலையா, உங்கம்மா பாக்கலையா?" என்றார் டாக்டர் ரங்கையா. திருப்பதியில் அந்தக் குடும்பத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் டாக்டர். சம்பத்குமார் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர் என்பதால் அவரிடம் டாக்டருக்கு அபார மரியாதை. வேதாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும்போதுகூட முகம் அவர் பக்கமே திரும்பியிருக்கும். எல்லாருக்குமா கேன்சர் வருகிறது என்று வேதா கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, மாமி போனில் என்னவோ படித்திருக்கிறார் போல என்று சம்பத்குமாரிடம் தெலுங்கில் சொன்னார். கால்சியம் மாத்திரை எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "வேலைய விட்டுடச் சொல்லுங்க. வீட்டோட இருந்தா தானா அடங்கிடும்."

சம்பத்குமார் பயபக்தியோடு தலையை ஆட்டினார். அவர் கெட்டவர் இல்லை. மனைவி தூங்காமல் புரள்வதைப் பார்த்து அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, டாக்டரே சொல்லிவிட்டார், மாம்பழ சீசன் முடிந்ததும் ஆபீசில் சொல்லிவிடு என்றார். நல்லது செய்கிற நிம்மதி அவர் குரலில் இருந்தது. வேதாவுக்கு அந்த ஆட்டோவிலேயே கிளம்பிவிட்டது. நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பை மூட்டினாற்போல ஒரு சூடு, அங்கிருந்து கழுத்து, காது, உச்சி. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையைப் பிழிந்தால் சொட்டும்.

போன ஆவணியோடு அவளுக்கு நின்றுபோயிருந்தது. நின்ற செய்தி தெரிந்ததும் முதலில் சந்தோஷப்பட்டவள் சத்யபாமா, சம்பத்குமாரின் அக்கா. கணவர் போனபிறகு தம்பியோடு வந்து தங்கியவள். முழங்கால் வலியோடு அத்தனை வருஷமாக, வேதா மாசாமாசம் விலகியிருக்கும் மூன்று நாட்களுக்கும் அடுக்களையைத் தாங்கிப்பிடித்தவள். வீட்டில் சாளக்ராமம் இருக்கிறது. குளித்து, மடியாக உலர்த்திய புடவை கட்டி, வேறெதையும் தொடாமல் பெருமாளுக்கு அமுது செய்விக்கத் தளிகை சமைத்தாக வேண்டும். இனி உனக்குத் தூரம் என்கிற பேச்சே இல்லை, மாசம் முழுக்க நீயே பார்த்துக்கொள்ளலாம் என்று சத்யபாமா சொன்னபோது அது ஏதோ பதவி உயர்வு போலத்தான் இருந்தது. அன்றைக்குப் பாயசம்கூட வைத்தார்கள்.

பதவி கிடைத்த கையோடு சூடு வந்தது. அடுப்பெதிரே நிற்கும்போதுதான் அது ஆசையாக வரும். மின்விசிறி போட்டால் அடுப்பு அணையும். துண்டை எடுத்துத் துடைத்தால் மடி போகும். முழங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கிளறுவாள். ஒருநாள் வியர்வை ஒரு சொட்டு நேராகப் பொங்கல் பானைக்குள் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை, பெருமாள் பார்த்திருப்பாரே. அப்படியே கொட்டிவிட்டு மறுபடி குளித்து மறுபடி வைத்தாள். ரயில் போய்விட்டது. அதே வாரத்தில் இன்னொருமுறையும் அப்படி ஆனது.

அந்த ரயில்தான் அவள் உயிர். திருப்பதியில் ஏறி, பாகாலா தாண்டி, சித்தூரில் இறங்கினால் மாம்பழக் கூழ் ஆலை. கூழ் அடைத்த பீப்பாய்கள் எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்குப் போகின்றன என்கிற காகிதங்கள் முழுவதும் அவள் பொறுப்பு. ஜெட்டா, ராட்டர்டாம் என்று ஊர்ப்பெயர்களைத் தட்டச்சு செய்யும்போது, சென்னையைத் தாண்டாத அவளுக்கு ஏதோ தானே அனுப்பிவைக்கிற பெருமை வரும். இப்போது அந்தப் பெயர்களே மறந்து தொலைத்தன. போன வாரம் தூக்கம் கெட்ட கண்ணோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள், மேனேஜர் ஹரிபாபுவைப் பார்த்து, "ஏன்னா, அந்த ஃபைலை எடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். தெலுங்குக்காரரான ஹரிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். தமிழ் தெரிந்தவர்கள் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, பழம் பிரிக்கும் வரிசைக்கு மேஸ்திரியான செங்கம்மா.

செங்கம்மா புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பாகாலாவில் வாழ்க்கைப்பட்டவள். டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை பாகாலாவில் ஏறியதும், ஜன்னலோரம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த வேதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஆத்துல வியுந்து எய்ந்து வந்த மாரி கீற? உங்க ஹரிபாபுவ நெனச்சிகினு வந்தியா?"

வேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ரங்கையா சொன்னதை எல்லாம் சொன்னாள், வேலையை விடப்போவதையும். செங்கம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். பிறகு தன் சின்னம்மா மகளுக்கும் இப்படித்தான் எரிந்தது என்றும், சித்தூரிலேயே அகிலா என்று ஒரு டாக்டரம்மா பார்த்து மாத்திரை கொடுத்து, இப்போது அவள் ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்த்துக்கொண்டு கல்லுமாதிரி இருக்கிறாள் என்றும் சொன்னாள். வேதா, அவரிடம் கேட்காமல் எப்படி என்று இழுத்தாள்.

"எரியறது யாருக்கு? அவருக்கா?" என்றாள் செங்கம்மா. "மத்தியானம் சோறு துன்னுட்டு ரெண்டு பேரும் போய்க்கினு வந்துடலாம். வா."

வேதாவுக்கு அன்று மதியம்வரை கையில் வேலை ஓடவில்லை. கணவரில்லாமல் ஒரு டாக்டரிடம் அவள் போனதே இல்லை. பிரசவத்துக்குக்கூட மாமனாரும் கூட வந்தார். மதிய வெயிலில், தோத்தாபுரி மாம்பழ லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் செங்கம்மாவின் பின்னால் நடந்தபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பெண்ணைப்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பில் ஒரு இனிப்பு இருந்தது.

டாக்டர் அகிலா நாற்பது வயதுக்காரி. முதலில் அவர் செய்தது, தன் நாற்காலியை வேதாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டதுதான். பிறகு கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா, காலில் ரத்தம் உறைந்ததா, பக்கவாதம், ஈரல் நோய், ஒற்றைத் தலைவலி உண்டா, தூக்கம் எப்படி, கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது. ஒவ்வொன்றுக்கும் வேதா தானே பதில் சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. மார்புக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் முடிவுகளைக் கொண்டுபோனபோது, படங்களை அவள் பக்கம் திருப்பி வைத்து விளக்கினார்.

"இந்த மாத்திரை கொடுக்கக் கூடாதவங்க இருக்காங்க. நீங்க அதுல இல்ல. கேன்சர் பயம் கொஞ்சமும் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். சிலருக்குக் கொஞ்சம் கூடும், எந்த மாத்திரை, எத்தன வருஷங்கறதப் பொறுத்து. அதையும் பாருங்க, உங்க தூக்கத்தையும் பாருங்க. முடிவு நீங்கதான் எடுக்கணும். வருஷா வருஷம் வந்து காட்டணும்."

எடுத்துக்கறேன் என்று வேதா சொன்னது அவ்வளவு வேகமாக வந்தது, செங்கம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் எழுதப் போனவர் நிறுத்தினார். முகத்தில் ஒரு தயக்கம். நின்று இன்னும் ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை, கர்ப்பப்பையும் இருக்கிறது, அதனால் இப்போதைக்கு இரண்டு விதமாக மாறி மாறிப் போடும் மாத்திரைதான் பொருத்தம், அதில் ஒரு தொந்தரவு உண்டு என்றார். மாசாமாசம் மறுபடி உதிரம் போகும். நின்றுபோன நிம்மதியில் இருக்கிறவர்கள் அதைக் கேட்டதும் வேண்டாம் என்றுவிடுவார்கள். வருஷம் திரும்பியபிறகு போகாத மாதிரி மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டுமானால் இரண்டு மாசம் காத்திருந்து அதையே ஆரம்பிக்கலாம்.

வேதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு மாசம் பொறுத்தால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இப்போதே தொடங்கினால் மறைக்க வழியில்லை. பெருமாள் தளிகை நடக்கிற வீட்டில் தூரத்தை மறைப்பது என்பதை அவளால் நினைத்தும் பார்க்க முடியாது. வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் இரண்டு மாசத்துக்குள் சீசன் முடிந்துவிடும். சீசன் முடிந்தால் வேலை முடிந்தது.

"எத்தன நாள் போகும் டாக்டர்?"

"மூணு, நாலு நாள். லேசாத்தான்."

"மூணு நாள்" என்று வேதா சொல்லிப் பார்த்தாள். மூன்று நாள் அடுப்பு இல்லை. மூன்று நாள் விடிந்தபிறகு எழுந்திருக்கலாம். உதட்டோரம் ஏதோ துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சின்ன அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் குழம்பிப்போய்ச் செங்கம்மாவைப் பார்த்தார்.

"எய்திக் குடும்மா," என்றாள் செங்கம்மா. "வியாதிக்கும் மருந்து, லீவும் கூட வருது. எந்தப் பொம்பள வேணான்னுவா?"

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. கைப்பையில் பஞ்சாங்கத்துக்கு அடியில் ஒளித்துவைத்த அட்டையை எடுத்து, தினமும் ரயிலில் ஒரு மாத்திரை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் விழித்தபோது தலையணை உலர்ந்திருந்தது. பொழுதும் விடியப்போகிறது. இடையில் எழுந்த ஞாபகமே இல்லை. அவள் படுக்கையிலேயே உட்கார்ந்து தலையணையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதன்பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. ராட்டர்டாம் திரும்பியது. கடுகு வெடிக்கும்போது பாசுரம் முணுமுணுக்கிற பழக்கம் திரும்பியது. சத்யபாமா, கால்சியம் நன்றாக வேலை செய்கிறது, ரங்கையா ராசியான டாக்டர் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். வேதா மறுக்கவில்லை. ஆனால் நாள் நெருங்க நெருங்க, நல்ல செய்தியை மடியில் கட்டிக்கொண்டிருப்பதுபோலவும் குண்டைக் கட்டிக்கொண்டிருப்பதுபோலவும் இருந்தது.

ஆடி பிறந்த வெள்ளிக்கிழமை காலை அது வந்தது. சொன்னபடி வந்தது. அவள் குளித்துவிட்டு, அடுக்களைக்குள் போகாமல், கொல்லைக்கட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, நான் தூரம்."

பூத்தொடுத்துக்கொண்டிருந்த சத்யபாமாவின் கை நின்றது. முகம் வெளுத்துவிட்டது. "என்னடி சொல்றே? நின்னப்பறம் வந்தா அது வேற என்னமோடி. அம்பி! இங்க வா. உடனே ரங்கையாகிட்ட போகணும்."

அந்தப் பதற்றம் பொய்யில்லை என்பதைப் பார்த்ததும் வேதாவுக்கு இருந்த பயமெல்லாம் இறங்கிவிட்டது. ஒன்றுமில்லை, மாத்திரையால் வருவது என்று நிதானமாக ஆரம்பித்தாள். சித்தூர் டாக்டர், சோதனைகள், மார்புப் படம், எதில் எவ்வளவு பயம் என்று அவர் சொன்னது, ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள். திருமண் இட்டுக்கொண்டு ஈர வேஷ்டியோடு வந்த சம்பத்குமார் கேட்டுக்கொண்டே நின்றார். தன்னிடம் சொல்லவில்லையே என்பது அவர் கண்ணில் தெரிந்தது. அதைக் கேட்காமல், சுற்றிவளைத்து வேறொன்றைக் கேட்டார்: மாத்திரையால் வருவது தூரம் என்று கணக்கா? பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பார்க்கலாமா?

"மாத்திரைல வந்தா என்ன, தானா வந்தா என்ன? யாரப் போய்க் கேப்பே? அவாளுக்கெல்லாம் வந்திருக்கா?" என்றாள் சத்யபாமா.

சம்பத்குமார் வேதாவின் பக்கம் திரும்பினார். "நிறுத்திடேன், வேதா. வேலைய விட்டுட்டா இதெல்லாமே வேண்டாமே."

"மாத்திரைய நிறுத்த மாட்டேன்," என்றாள் வேதா. "வேலையையும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கொல்லைத் துணிக்கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது. சத்யபாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள், பாதியில் முகம் சுளித்து மறுபடி உட்கார்ந்தாள். தன் காலையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கோஷ்டில அடி பிசகாம சேவிக்கறே. அரிசிக்கு எத்தன தண்ணின்னு தெரியுமோ?" என்றாள். "போ, மடிவேஷ்டி கட்டிண்டு வா. நான் இங்கேந்து சொல்றேன், நீ பண்ணு."

அடுக்களையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பெருங்காயம் எங்கே என்ற கேள்வி வந்தது. சத்யபாமாவின் பதில் போனது. பருப்பு பொங்கி அடுப்பில் வழியும் வாசனையும் வந்தது. வேதா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தலையைக் கோதி உலர்த்திக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இந்த நேரத்துக்குத் தன் வீட்டுக் கொல்லையில் இப்படி வெயில் இறங்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சம்பத்குமார் காப்பிச் செம்போடு வாசற்படிவரை வந்து நின்றார். அவள் டம்ளரை நீட்டினாள். படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். பழக்கமில்லாததில் பாதி டம்ளரிலும் கொஞ்சம் கல்லிலும் விழுந்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் குடித்துவிட்டு, நெஞ்சில் ஏதாவது கிளம்புகிறதா என்று அவள் காத்திருந்தாள். காப்பியின் சூடு மட்டும்தான்.

"சக்கரை போறுமா?" என்று கேட்டார் அவர். அடுப்பெதிரே நின்றதில் முகமெல்லாம் வியர்த்து, நெற்றித் திருமண்ணின் ஒரு கால் கரைந்து புருவத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மடியாக இருந்ததால் அதைத் துடைக்க வழி தெரியாமல், முழங்கையைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.