ரோமத்தோடு நாலு தோல்

"ரோமத்தை எடுக்கத்தான் கண்ணு நாங்க இருக்கறோம். வெக்கச் சொல்றியே" என்றார் ஆரோக்கியசாமி.

சௌந்தரம் சொன்னதையே திரும்பச் சொன்னாள். நாலு ஆட்டுத் தோல். ரோமம் அப்படியே இருக்க வேண்டும். நீளக் கோட்டு தைக்கிற அளவுக்கு மெத்தென்று பதப்படுத்தித் தர வேண்டும்.

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் டேனரியில் முப்பது வருஷமாக, ரோமம் கழற்றும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்ப்பவர் ஆரோக்கியசாமி. சௌந்தரத்தின் அப்பா தேவசகாயமும் அதே குழியில் இறங்கியவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் அவர் அவளுக்குச் சித்தப்பா. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா அதற்கும் முன்னால். இப்போது பள்ளிக்கு வெளியே ஊரில் அவளை டீச்சரம்மா என்று கூப்பிடாத ஒரே ஆள் ஆரோக்கியசாமி.

"நம்மூரு ஆட்டுக்கு ரோமமே கம்மி. கிருஷ்ணகிரி பக்கம் கம்பளி ஆட்டுத் தோல் கெடைக்கும். அம்மாங் குளிரா? எந்த ஊருக்குப் போற?"

"வடக்க, சித்தப்பா."

"அரக்கோணம் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"டில்லியா?"

"அதுக்கும் மேல."

டில்லிக்கு மேலே அவரிடம் ஊர் இல்லை. "கூட யாரு வர்றாங்க?" என்றார்.

"யாரும் இல்ல."

அவள் காத்திருந்தாள். இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. "போறப்ப சொல்லு. ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் குழிப் பக்கம் நடந்தார்.

சென்னையில் பௌதிகம் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சுவரோரம் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு நாள், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒன்றுமே இல்லாத குழாய்க்குள் ஓர் ஒளி எழுந்து, நடுங்கி, நின்றது. வட துருவத்துப் பக்கம் போனால் இதை வானம் முழுக்கப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். சொல்லிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டார். பையன்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்த்தாயா என்று கேட்க அவள் பெஞ்சில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு பெண்கள் பள்ளியில் ஆறு வருஷம் விஞ்ஞானம் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறை. சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை முதல் மணி வரை அவள் குரலை அவளே கேட்பதில்லை. அந்தச் சாயங்காலங்களில்தான், ஆறு வருஷச் சேமிப்பை நம்பி, பயணம் உருவானது. கொழும்பில் கப்பல். லண்டன். அங்கிருந்து வடகடல் தாண்டி நார்வே. பிறகு கரையோரமாகவே போகும் தபால் கப்பலில் ட்ரோம்ஸோ என்ற ஊர். கோடை விடுமுறையை முதலில் நோட்டில் கட்டம் போட்டு, மற்றதையெல்லாம் அதற்குள் அடக்கியிருந்தாள். பள்ளி திறக்கிற நாளுக்கு முந்தின நாள் திரும்பிவிடலாம்.

சாயபுவின் தோல் லண்டனுக்குத்தான் போகிறது. அங்கே அவருடைய சரக்கை வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தாள். மார்ச் கடைசியில் பதில் வந்தது. சாயபு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"டிக்கட் பாரம் அனுப்பிச்சிருக்கான். ஆனா இன்னாவோ வேற எழுதியிருக்கான், டீச்சரம்மா. நீங்களே பாருங்க."

நாலு வரிதான். மே மாதத்தில் அந்த ஊரில் இருட்டுவதில்லை. சூரியன் அடங்காத வானத்தில் நீங்கள் கேட்கும் ஒளி தெரியாது. அக்டோபருக்கு மேல், மார்ச்சுக்குள் வருவது உத்தமம்.

சௌந்தரத்துக்குக் காது சுட்டது. பூமியின் சாய்வை வருஷா வருஷம் எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்திக் காட்டுகிறவள் அவள். ஆனால் ஆம்பூரில் ராத்திரி எந்த மாதமும் தவறுவதில்லை. விடுமுறை கிடைக்குமா என்று பார்த்தாளே தவிர, அங்கே இருட்டு கிடைக்குமா என்று பார்க்கவில்லை.

"ராத்திரியே இல்லாத ஊரா?" சாயபு சிரித்தார். "ரம்ஜான் அங்க வந்தா நோன்பு தொறக்கறது எப்படி? பேஜாராப் பூடும்!"

அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியை சவுரியம்மாளிடம் குளிர்கால மாதங்களுக்குச் சம்பளமில்லா விடுப்புக் கேட்டாள்.

"யாரோட போற?"

"தனியாத்தான், அம்மா."

"தனியாவா? நான் வேலூருக்குப் போறதுன்னாலே தம்பியைக் கூட்டிட்டுப் போறேன்." சவுரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "சௌந்தரம், எனக்கு இருக்கறது ஒரே சயின்ஸ் டீச்சர். நீ போனா வேற ஆளைப் போடணும். திரும்பி வந்து அந்த ஆளை எழுப்பிட்டு நீ உக்கார முடியாது. சனிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க அவளுக்கு ஐந்து நாள் இருந்தது. வேலை போனால் அறையும் போகும். காலையில் வணக்கம் சொல்லும் நாற்பது பெண்களும் போவார்கள். ஒளி தெரியாமல் மேகம் மூடிக்கொண்டாலும் கேட்பாரில்லை. டிக்கட் விண்ணப்பப் பாரத்தை எடுத்துப் பார்த்தாள். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிவிட்டாள். ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியில் பேனா நின்றது. இந்த ஒரு வரிக்காகவே போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை அதை மடித்து அட்லஸுக்குள் வைத்தாள். தோல் வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை பகல் அவரே வந்தார். கக்கத்தில் சாக்குச் சுருள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கண்ணு, தப்புப் பண்ணிட்டேன்."

சாக்கைப் பிரித்தார். நாலு தோல். குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தன. ஓர் இழை ரோமம் இல்லை.

"தனியாத்தான் வெச்சிருந்தேன். காலைல குழியில எறங்கினா கை அதும்பாட்டுக்கு வேலை செய்யுது. சேத்துப் போட்டுட்டேன். அப்புறம் கத்தி போடறப்பதான் நெனப்பு வந்துச்சு. அதுக்குள்ள ரோமம் கையோட வந்துடுச்சு." அவர் விரல்கள் சுண்ணாம்பில் வெடித்திருந்தன. அவற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷத்துல ஒருத்தரும் ரோமத்தோட கேட்டதில்ல. நாளைக்கே கிருஷ்ணகிரி போறேன். நீ போற தேதி மட்டும் சொல்லு. என்னால உன் பயணம் கெடக் கூடாது."

அவள் தோலைத் தடவினாள். எங்கும் ஒரு கீறல் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் திகைத்துப் பார்க்க, சிரிப்பு அடங்கவே இல்லை.

"நானும் இதைத்தான் சித்தப்பா பண்ணேன். பழக்க தோஷம்."

"இன்னா பண்ண?"

"இங்க இருக்கற மாதிரியே அங்கயும் ராத்திரி இருக்கும்னு நெனச்சுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "தேதி?" என்றார் மறுபடியும்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அந்த நொடி வரை அவளுக்கே தெரியாது.

"நவம்பர். அவசரமில்ல. மெதுவாப் பண்ணுங்க."

அவர் முகம் தெளிந்தது. அவள் அட்லஸைத் திறந்து பாரத்தை எடுத்தாள்.

"இதுல உங்க பேரை எழுதட்டுமா?"

"எதுக்கு?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத் தந்தி கொடுப்பாங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே, கண்ணு."

"சாயபு படிச்சுச் சொல்வாரு."

அவர் காலிச் சாக்கை உதறிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எழுதிக்கோ" என்றார். "தந்தி மட்டும் வராம பாத்துக்கோ."

அவர் போன பிறகு பெயரை எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் சித்தப்பா என்று ஆங்கிலத்தில் எழுதினாள். வழுவழுத்த தோல்களை அவர் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்டோபரோடு விலகுவதாகச் சவுரியம்மாளுக்கு ராஜினாமா எழுத நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மறுபக்கத்தில் கோடை விடுமுறைக்குப் போட்ட பழைய கட்டம் இருந்தது. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தாள்.