மூன்றாவது விளம்பரத்துக்குக் கீழே

அக்கா போனில் அலறியபோது நான் முடி உதிர்வதற்கு ஒன்பதாவது காரணம் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் இருந்தது ஏழுதான். ஒன்பது என்றால்தான் ஜனம் தலைப்பைத் தொடும் என்று கிராஃப் சொல்லியிருந்தார். கிராஃப் என்பது எங்கள் இணையதளத்தின் ஆசிரியர். வருகிறவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று காட்டும் கோட்டிலேயே கண்ணை நட்டு வைத்திருப்பதால் அந்தப் பெயர்.

“சிட்டு பட்டன் பேட்டரிய முழுங்கிட்டாடி! பாட்டுப் பொம்மையோட மூடி கழண்டு கிடக்கு.”

சிட்டு அக்கா மகள். இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வாந்தி எடுக்க வைக்காத.”

“இருடி, நெட்டுல பார்த்துட்டேன். தானா வெளிய வந்துடுமாம். பெரிய சைட்டுல போட்டிருக்கான்.”

“என்ன போட்டிருக்கு? படி.”

“‘மழலைகளின் உலகம் வியப்புகளால் ஆனது...’”

அது என் வாக்கியம்.

‘விழுங்கியது பட்டன் பேட்டரியா? மேலே படிக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள்’ என்றுதான் அந்தப் பக்கத்தை முதலில் தொடங்கியிருந்தேன். கிராஃப் சிரித்தார். “முதல் வரியிலயே பதிலைச் சொல்லிட்டா அப்புறம் எவன்மா நிப்பான்? மூணாவது விளம்பரத்துக்குக் கீழ தள்ளு.” குழந்தை நாணயத்தை விழுங்கினால் என்ன செய்வது என்று தேடுகிறவர்கள்தான் அதிகமாம். அதனால் நாணயம் மேலே போனது, பேட்டரி பாதாளத்துக்குப் போனது. மழலை வரியை என் கையாலேயே எழுத வைத்தார்.

“அக்கா, அது காசை முழுங்கினா! இது பேட்டரி. உள்ளயே தொண்டைய அரிச்சிடும். கிளம்பு!”

“நீ என்ன டாக்டரா? எழுதினவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?”

“எழுதினவ நான்தான்!”

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு எழுத்தில் இருப்பது எல்லாம் வேதவாக்கு.

“நீயா? அப்புறம் ஏன்டி இப்படி எழுதின?”

“எதிர்வீட்டு டிரைவர் அண்ணனைக் கூப்பிடு. செருப்புகூடத் தேடாத. போ!”

கிராஃப் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் கணினியிலிருந்துதான் வெளியிட முடியும்; அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மழலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேட்டரியை முதல் வரிக்குக் கொண்டுவந்து வெளியிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு சரிந்தது. பின்னால் அவர் குரல்.

“என் சீட்ல என்னம்மா பண்ற? ஐயையோ, வர்றவன் எல்லாம் வந்த வேகத்துல ஓடுறானே!”

“ஓடட்டும் சார். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுறாங்க.”

“பழையபடி மாத்து.”

“எங்கக்கா பொண்ணு தொண்டையில பேட்டரி இருக்கு சார். எங்கக்கா உங்க பக்கத்தைத்தான் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தா.”

அவர் முகம் வெளிறியது. பிறகு, பாசமாகவே, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “சாரிம்மா. நீ முதல்ல குழந்தையப் போய்ப் பாரு. பேஜை நான் பார்த்துக்கறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா? எழுந்தால் பக்கம் போய்விடும். உட்கார்ந்தால் சிட்டு. தளத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பக்கத்தை மாற்றிவிட்டதாக அக்காவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு ஓடினேன். வேலை போய்விட்டது என்பது படியிறங்கும்போதே தெரிந்தது.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

“எடுத்துட்டாங்கடி. ஆனா உள்ள வெந்திருக்காம். சாப்பிட முடியுமா, பேச்சு வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

“பார்க்க விடுவாங்களா?”

அவள் கையில் இருந்த போனை என் பக்கம் திருப்பினாள்.

“பக்கத்தை மாத்திட்டேன்னு அனுப்பியிருந்தியே. எங்க?”

மழலைகளின் உலகம் வியப்புகளால் ஆனது. கிராஃபுக்கு என் பூட்டெல்லாம் ஒரு பூட்டா?

அக்கா என்னைப் பார்க்காமல் விரலால் பக்கத்தைத் தள்ளினாள். முடி வளர எண்ணெய். தள்ளினாள். நாணயம். தள்ளினாள். தள்ளுபடி விலையில் பொம்மை, பாட்டுப் பாடும் பொம்மை. விரல் அதன்மேல் நின்றது. மறுபடி தள்ளினாள்.

பேட்டரி இன்னும் வரவில்லை.