ஒகோரோஜியின் இரண்டாவது பெயர்

எகெம்மா செய்தது இவ்வளவுதான். செத்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் சுரைக்குடுக்கையிலிருந்து தண்ணீர் ஊற்றி, மந்திரம் சொல்லி, யோசேப்பு என்று பெயர் வைத்தாள். உயிர் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயிலில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவர் நரகத்தில் வேகும்போது தான் மட்டும் மோட்சத்தில் உட்கார்ந்து என்ன பாட்டுப் பாடுவது? செத்த பிறகு அவரோடு இருக்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அவர் கண்ணை மூடியதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு உபதேசியார் கேப்ரியேலிடம் ஓடினாள்.

"ஞானஸ்நானம் வேணும்னு அவரு கேட்டாரா?"

"அவருக்கு நினைவே இல்லீங்களே."

"ரெண்டு பொண்டாட்டி. சாகுறப்பவும் கையில தாயத்து. கேக்காத ஆளுக்கு ஊத்துனா அது வெறும் தண்ணிம்மா. நம்ம தோட்டத்துல எடம் கெடையாது."

"சாமியாருகிட்டக் கேட்டுப் பாருங்களேன்."

"அவரு மழைக்காலம் முடிஞ்சுதான் வருவாரு. பொணம் அதுவரைக்கும் காத்திருக்குமா?"

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. பங்காளிகள் கூடியிருந்தார்கள். வெட்ட வேண்டிய ஆடு கட்டின இடத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. சாவு வெடிக்காக மருந்து கெட்டித்த துப்பாக்கிகளை ஒருவரும் தொடவில்லை. அப்பாவின் இளைய மனைவி, சின்னம்மா ஒயிரிதியா, தண்ணீர் ஊற்றியபோது சுவருக்கு அந்தப்புறம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கேட்டதைப் போட்டும் உடைத்துவிட்டாள்.

அப்பாவின் அண்ணன் இபெக்பு, குலத்துக்கே மூத்தவர், ஓஃபோ கோலை மடியில் வைத்திருந்தார். அதைத் தொட்டுச் சொன்ன சொல் முன்னோர் காதில் விழும். பொய் சொன்னவரைச் செத்த பிறகும் அவர்கள் சேர்க்கமாட்டார்கள்.

"பேரு வெச்சியாமே?"

"அது செல்லாதுன்னு உபதேசியாரு சொல்லிட்டாரு, பெரியப்பா."

"செல்லாதுன்னு சொல்ல அவன் யாரு? பேரு வெச்சா ஆளு மாறிட்டான். அங்க முன்னோர் வாசல்ல எங்கப்பன் நின்னு 'ஒகோரோஜி'ன்னு கூப்பிடுவான். இவன் எந்தப் பேருக்குத் திரும்புவான்?"

"அதான் மாதாகோயில் மாப்பிள்ளை ஆயிட்டாரே," என்றான் பங்காளி ஒருத்தன். "அவங்களே தூக்கிட்டுப் போகட்டும்."

கொடுமையைப் பாருங்கள். கோயில்காரர் நம்பாத தண்ணீரை, கோயிலையே நம்பாதவர்கள் நம்பினார்கள். நடுவில் கிழவர் பாயில் கிடந்தார், ஈ மொய்த்தபடி.

இபெக்பு அந்தப் பங்காளியை அதட்டி உட்காரவைத்தார். பிறகு எகெம்மாவைப் பக்கத்தில் அழைத்தார்.

"உன் சின்னம்மாவுக்குக் காது மந்தம். தப்பாக் கேட்டிருப்பா. மந்திரமும் சொல்லல, பேரும் வெக்கல, காய்ச்சலுக்கு மூஞ்சியத் தொடச்சேன், அவ்வளவுதான்னு ஓஃபோவத் தொட்டுச் சொல்லு. இப்பவே குழி வெட்டச் சொல்றேன். அவன் என் தம்பிடி."

"இல்லன்னா?"

அவர் ஊருக்கு வெளியே காட்டுப் பக்கம் பார்த்தார். நாதியற்ற பிணங்களை வீசுகிற காடு எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எகெம்மா நின்றாள். ஓஃபோவைத் தொடுவதே கோயிலில் பாவம். தொட்டுப் பொய் சொல்வது இங்கேயும் பாவம். கடவுள் பெயரால் கொடுத்ததைக் கொடுக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவை நரி இழுக்க விடமுடியுமா? கோலின் மேல் கையை வைத்தாள்.

"பேரு வெக்கல. மூஞ்சியத்தான் தொடச்சேன்."

"நல்லது," என்றார் இபெக்பு. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெடி முழங்கியது. ஆட்டின் ரத்தம் வாசலில் கொட்டியது. அவர் படுத்திருந்த வீட்டுத் தரையிலேயே குழி வெட்டி அப்பாவை இறக்கினார்கள். "ஒகோரோஜி, நேரா வீட்டுக்குப் போ," என்று பங்காளிகள் ஒரே குரலில் வழியனுப்பினார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்; நல்ல மகள், அப்பனைக் கரைசேர்த்தாள் என்றார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் ஒகோரோஜியாகப் போயிருந்தால், பொய்ச் சத்தியம் செய்தவளை அந்த வாசலில் சேர்க்கமாட்டார்கள். யோசேப்பாகப் போயிருந்தால், மறுதலித்தவளுக்கு அந்தக் கதவும் திறக்காது. அவர் எங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் அங்கே அவளுக்கு இடமில்லை.